கடிகாரம் தப்புன்னு கடிகாரமே சொல்லுமா?

தென்காசியிலிருந்து சுரண்டை பக்கம் போனால் வழியெல்லாம் காற்றாலைகள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அதே தென்மேற்குக் காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலையும் இந்தக் காற்றாலைகளுக்கு சீசனையும் கொடுக்கிறது. அந்த மின்சாரம் போய்ச் சேருகிற துணைமின் நிலையங்களில், கண்ட்ரோல் ரூம் மொட்டைமாடியை கவனித்துப் பார்த்தால் காளான் மாதிரி ஒரு சின்ன வெள்ளை ஆண்டெனா தெரியும். மொபைல் டவர்கள் பலவற்றிலும் இருக்கும். ஜிபிஎஸ் ஆண்டெனாதான். ஆனால் வழி காட்ட இல்லை. டவர் எங்கேயும் போகப்போவதில்லை. அது செயற்கைக்கோளிடமிருந்து நேரம் வாங்குகிறது.

இந்தக் கடிகாரங்களின் துல்லியத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது அவற்றின் சலிப்பூட்டுகிற இரண்டு பக்கங்களைப் பற்றி. ஒன்று, அலாரத்தை எந்த அளவில் வைப்பது. இன்னொன்று, செட்டிங்குகளை எப்படிச் சேமித்து வைப்பது. இரண்டும் வேறு வேறு வேலை மாதிரி தெரியும். ஆனால் பெரிய குழப்பங்கள் பலவும் இந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் வருகின்றன.

பெட்டிக்குள் என்ன இருக்கு?

மூன்று பொருட்கள். ஒன்று, ஜிபிஎஸ் ரிசீவர். இரண்டு, நல்ல தரமான ஆஸிலேட்டர்; சூடு மாறாத சின்ன அடுப்புக்குள் வைத்த குவார்ட்ஸ் படிகம், அல்லது ருபிடியம். மூன்று, இரண்டையும் ஒப்பிட்டு ஆஸிலேட்டரைத் திருத்துகிற ஒரு கண்ட்ரோலர். ஜிபிஎஸ் நேரம் நீண்ட காலத்துக்கு நம்பகமானது, ஆனால் நொடிக்கு நொடி கொஞ்சம் ஆடும். படிகம் நொடிக்கு நொடி ஆடாது, ஆனால் நாள் போகப் போக விலகும். இரண்டையும் சேர்த்தால் இரண்டின் நல்ல குணமும் கிடைக்கும்.

ஆண்டெனா போய்விட்டால் படிகம் தன் ஞாபகத்திலேயே ஓடும். இதற்கு ஹோல்டோவர் என்று பெயர். எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு கணக்கு போடலாம். ஆஸிலேட்டரின் வேகத்தில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு பிசகு இருந்தால், ஒரு நாளைக்கு 86,400 நொடி என்பதால், பிசகு 8.64 மைக்ரோ செகண்ட் ஆகும். பத்து மடங்கு நல்ல ஆஸிலேட்டர் என்றால் ஒரு நாளுக்கு 0.86 மைக்ரோ செகண்ட். இந்த எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

எவ்வளவு தப்பினால் தப்பு?

இது யாருக்காக என்பதைப் பொறுத்தது. லைன் டிரிப் ஆனால் எந்த பிரேக்கர் முதலில் திறந்தது என்று வரிசைப்படுத்த ஒரு மில்லி செகண்ட் துல்லியம் போதும். அதே மின்கட்டமைப்பில் ஃபேஸர் அளக்கும் கருவிகளுக்கு அது போதாது. 50 ஹெர்ட்ஸில் ஒரு டிகிரி கோணம் என்பது 55.6 மைக்ரோ செகண்ட். அந்தக் கருவிகளுக்கு அனுமதிக்கப்பட்ட 1 சதவீதப் பிழை முழுவதையும் கடிகாரமே தின்றுவிட, சுமார் 32 மைக்ரோ செகண்ட் போதும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாகத் தென் மாநிலங்களின் கட்டமைப்பு மற்ற இந்தியாவோடு இணைந்தது. அதிலிருந்து நம்ம ஊர் மின்சாரமும் காஷ்மீர் மின்சாரமும் ஒரே தாளத்தில் ஆடுகின்றன. இரண்டு முனைகளிலும் கோணத்தை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு முனைக் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும்.

5ஜி இன்னும் கறார். ஒரே அலைவரிசையில் டவர் கொஞ்ச நேரம் பேசும், கொஞ்ச நேரம் கேட்கும். பக்கத்து டவர் பேசும்போது இந்த டவர் கேட்டுக்கொண்டிருந்தால் காது அடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு டவரும் பொது நேரத்திலிருந்து கூடவோ குறையவோ 1.5 மைக்ரோ செகண்டுக்குள் இருக்க வேண்டும்.

இப்போது 2016 ஜனவரி 26. நாம் குடியரசு தினம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, எஸ்விஎன் 23 என்ற பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோளைச் சேவையிலிருந்து நீக்கினார்கள். அந்த வேலையின் ஓட்டில் தப்பான ஒரு எண் 15 செயற்கைக்கோள்களில் ஏறிவிட்டது. ஜிபிஎஸ் நேரத்தை உலகப் பொது நேரமாக, அதாவது யுடிசியாக மாற்றுவதற்கான திருத்த எண் அது. பிசகு சுமார் 13.7 மைக்ரோ செகண்ட். 12 மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. இடம் கண்டுபிடிக்கிற கணக்கில் அந்த எண் வராது என்பதால் மேப் பார்த்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் நேரத்துக்காக ஜிபிஎஸ்ஸை நம்பியிருந்த தொலைத்தொடர்பு நெட்வொர்க்குகளில் அலாரம் அலாரமாக வந்தது. பிரிட்டனில் பிபிசியின் டிஜிட்டல் வானொலியும் பாதிக்கப்பட்டது.

அந்த 13.7 மைக்ரோ செகண்டை மேலே சொன்ன மூன்று வேலைகளிலும் வைத்துப் பாருங்கள். பிரேக்கர் வரிசைக்கு அது ஒன்றுமே இல்லை. ஃபேஸருக்கு கால் டிகிரி, அனுமதிக்குள் அடங்கிவிடும். டவருக்கோ எல்லையைப் போல் ஒன்பது மடங்கு. அதாவது கடிகாரம் விற்றவர் வைத்துக் கொடுத்த அலாரம் அளவு உங்களுக்குச் சரியாக இருக்கும் என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. அந்த எண்ணை உங்கள் வேலையிலிருந்துதான் எடுக்க முடியும்.

குற்றாலத்து வளைவு

அலாரம் அளவு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது குற்றாலம் மெயின் அருவியின் பாதுகாப்பு வளைவைத்தான். தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. யாரும் அளந்து பார்க்க வேண்டாம், விவாதம் வேண்டாம், தூரத்திலிருந்தே தெரியும். நல்ல அலாரத்தின் குணங்கள் பெரும்பாலும் அதில் இருக்கு.

ஆனால் ஒரு குணம் இல்லை. வளைவு சொல்வது இப்போதைய அளவை மட்டும்தான். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை அது சொல்லாது. மலை மேலே பெய்கிற மழை கீழே குளிப்பவருக்குத் தெரிவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அளவைத் தாண்டிய பிறகு சொல்வதும், தாண்டப் போகிறது என்று சொல்வதும் ஒன்றல்ல.

கடிகாரத்திலும் இதே இரண்டு வகை உண்டு. 'நேரம் இத்தனை மைக்ரோ செகண்ட் விலகிவிட்டது' என்பது அளவு அலாரம். 'ஹோல்டோவர் தொடங்கி இத்தனை நேரம் ஆகிவிட்டது' என்பது முன்னறிவிப்பு. இங்கேதான் நம்ம கணக்கு உதவுகிறது. நாளுக்கு 8.64 மைக்ரோ செகண்ட் விலகுகிற ஆஸிலேட்டர் என்றால் 1.5 மைக்ரோ செகண்டைத் தொட நான்கு மணி நேரம் சொச்சம் போதும். ராத்திரி ஆண்டெனா போனால் காலை ஷிப்ட் வருவதற்குள் எல்லை தாண்டிவிடும். அப்போது அலாரத்தை ஹோல்டோவர் தொடங்கிய அரை மணிக்குள் வைக்கணும். ஆள் கிளம்பி வந்து சேர நேரம் வேண்டாமா? அதே ஆஸிலேட்டர் ஒரு மில்லி செகண்ட் வேலைக்கு இருந்தால் அவசரமே இல்லை, மறுநாள் போய்ப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் அடிக்கிற மணி

வீட்டில் இந்த ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதிகம் வாங்குகிற பழைய பெட்டி டிரிம்பிள் தண்டர்போல்ட். அதன் அலாரப் பட்டியலைப் படிப்பதே ஒரு பாடம். அலாரங்களை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஆபத்தானவை: உள் நினைவகத்தில் பிழை, பவர் சப்ளை கோளாறு, ஆஸிலேட்டரைத் திருத்தும் மின்னழுத்தம் எல்லையைத் தொட்டுவிட்டது போன்றவை. சாதாரணமானவை: ஆண்டெனா வயர் அறுந்தது, ஆண்டெனா ஷார்ட், செயற்கைக்கோள் கிடைக்கவில்லை, திருத்தம் நடக்கவில்லை, திருத்தும் மின்னழுத்தம் எல்லையை நெருங்குகிறது, சேமித்த இடம் இல்லை, சேமித்த இடம் சந்தேகமாக இருக்கு, லீப் செகண்ட் வரப்போகிறது, இப்படி.

இந்தச் சாதாரணப் பட்டியலைக் கொஞ்சம் கவனியுங்கள். லீப் செகண்ட் வருவது கோளாறே இல்லை, அது செய்தி. திருத்தும் மின்னழுத்தம் எல்லையை நெருங்குவது படிகம் முதுமையடைகிறது என்பதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே வருகிற எச்சரிக்கை. ஆண்டெனா அறுந்தது இன்றே ஆள் போக வேண்டிய விஷயம். மூன்றையும் ஒரே மணியில் கட்டினால் பத்து நாளில் அந்த மணியை யாரும் மதிக்கமாட்டார்கள். பிறகு யாராவது ஒருவர் செட்டிங்கில் போய் அதை ஆஃப் பண்ணிவிடுவார்.

ஆஃப் பண்ண நியாயமான காரணமும் இருக்கலாம். ஒரே ஆண்டெனாவை ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டு கடிகாரங்களுக்குப் பிரித்தால், ஆண்டெனாவுக்கு மின்சாரம் ஒரு கடிகாரத்திலிருந்துதான் போகும். இன்னொன்று தன் வயரில் கரண்ட் ஓடவில்லை என்று பார்த்து, 'ஆண்டெனா அறுந்தது' என்று கத்திக்கொண்டே இருக்கும். அதை மறைத்து வைப்பது சரிதான். ஆனால் அந்த மறைப்பு கான்ஃபிக்கில் சேமிக்கப்படுகிறது. நாளைக்கு அதே ஃபைலை வேறொரு இடத்துக் கடிகாரத்தில் ஏற்றினால், அங்கே ஆண்டெனா உண்மையிலேயே அறுந்தாலும் அந்த அலாரம் வராது.

நம்ம பக்கம் ஆண்டெனா அறுகிறதற்குக் காரணமா இல்லை? மழை ஜிபிஎஸ்ஸை மறைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அலைவரிசையில் மழையால் ஒன்றும் ஆகாது. ஆனால் டேப் சரியாகச் சுற்றாத கனெக்டருக்குள் சாரல் தண்ணி இறங்கினால் ஷார்ட். குரங்கு கேபிளைப் பிடித்துத் தொங்கினால் ஓப்பன். இரண்டும் வேறு வேறு அலாரமாக வருவது, கையில் எதை எடுத்துக்கொண்டு மாடி ஏற வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

எதுவும் அடிக்காத தப்பு

இனி செட்டிங். இந்தப் பெட்டிகளில் நீங்கள் மாற்றுகிற எண் முதலில் ஓடுகிற நினைவகத்தில்தான் உட்காரும். கரண்ட் போனால் அழிந்துவிடும். 'சேவ்' என்று தனியாகச் சொன்னால்தான் கரண்ட் போனாலும் நிலைக்கிற நினைவகத்துக்குப் போகும். நெட்வொர்க் ரவுட்டரில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கம். மாற்றியதும் வேலை செய்யும், சேவ் பண்ண மறந்துபோகும், மாதக்கணக்கில் நன்றாகவே ஓடும், ஒருநாள் ரீஸ்டார்ட் ஆகும். அப்போது பெட்டி தொழிற்சாலை செட்டிங்கோடு எழுந்திரிக்கும். பச்சை விளக்கு எரியும். அலாரம் எதுவும் இருக்காது. ஏன்னா, அதைப் பொறுத்தவரை எல்லாம் சரி.

மூன்று உதாரணம் சொல்கிறேன், சின்னதிலிருந்து பெரியதாக.

முதலாவது, கேபிள் தாமதம். கோ-ஆக்ஸியல் கேபிளில் சிக்னல் ஒரு மீட்டர் போக 4 முதல் 5 நானோ செகண்ட் ஆகும். மாடியிலிருந்து 30 மீட்டர் கேபிள் என்றால் 120 முதல் 150 நானோ செகண்ட். இதை செட்டிங்கில் கொடுத்தால் கடிகாரம் கழித்துக்கொள்ளும். செட்டிங் அழிந்து பூஜ்யம் ஆனால், கடிகாரம் அவ்வளவு பின்தங்கி ஓடும். டவரின் அனுமதியில் பத்தில் ஒரு பங்கு சத்தமில்லாமல் போயிற்று.

இரண்டாவது, இடம். கடிகாரம் தன் இடத்தைத் தெரிந்து வைத்திருந்தால் ஒரே ஒரு செயற்கைக்கோள் இருந்தாலே நேரம் எடுத்துவிடும். தெரியாவிட்டால் நான்கு வேண்டும், இடத்தை மறுபடி அளக்கவும் வேண்டும். தண்டர்போல்ட் இதற்கு நொடிக்கு ஒன்றாக 2,000 அளவுகள் எடுக்கும், அரை மணிக்கு மேல் ஆகும். குற்றாலத்தில் மலையடிவாரத்துக் கட்டடத்தில் மேற்கு வானம் பாதி மலைக்குப் பின்னால். திறந்த மைதானத்தில் பெரிதாகத் தெரியாத இந்த வித்தியாசம் அங்கே நன்றாகவே தெரியும். இடத்தைச் சேமித்து வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை.

மூன்றாவது, 18 நொடி. ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6-ல் தொடங்கியது. அதில் லீப் செகண்ட் சேர்ப்பதில்லை. யுடிசியில் சேர்க்கிறார்கள். கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31 முடிவில். நமக்கு அது 2017 ஜனவரி 1 காலை 5.30 மணிக்கு முந்தைய நொடி. அதிலிருந்து ஜிபிஎஸ் நேரம் யுடிசியை விட 18 நொடி முன்னால் இருக்கு. சில பெட்டிகளின் தொழிற்சாலை செட்டிங்கே ஜிபிஎஸ் நேரம்தான். யுடிசிக்கு மாற்றிவிட்டு சேவ் பண்ணாமல் விட்டால், அடுத்த ரீஸ்டார்ட்டில் 18 நொடி தாவிவிடும். மைக்ரோ செகண்டுக்காக வாங்கிய பெட்டி, கைக்கடிகாரத்தை விட மோசமாகக் காட்டும், அதுவும் பச்சை விளக்கோடு. 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் நேரத்தை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துவைக்க வேண்டும். லாக் ஃபைலில் 18 நொடி பிசகு என்பது இப்போது சட்டம் கேட்கக்கூடிய கேள்வியும்கூட.

இதே வரிசையில் ஒரு தப்பு ஃபர்ம்வேருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஜிபிஎஸ் சிக்னலில் வாரத்தின் எண் 1,024 ஆனதும் மறுபடி பூஜ்யத்துக்கு வரும். எந்தச் சுற்று என்பதை ரிசீவர்தான் ஊகிக்கணும். தண்டர்போல்ட்டுக்குள் எழுதி வைத்த ஊகம் 2017 ஜூலை 30-ல் காலாவதியானது. அன்று முதல் அது 1997 டிசம்பர் 14 என்று காட்டத் தொடங்கியது. நொடித் துடிப்பும் 10 மெகாஹெர்ட்ஸும் கொஞ்சமும் பிசகவில்லை. தேதி மட்டும் இருபது வருஷம் பின்னால். அதற்கும் அலாரம் இல்லை.

காப்பி அடித்த கான்ஃபிக்

பத்து இடத்தில் கடிகாரம் இருந்தால் ஒன்றில் செட்டிங் செய்து மற்றதில் ஏற்றுவோம். நான் மென்பொருள்காரன், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஃபைலுக்குள் இரண்டு வகை எண்கள் கலந்து கிடக்கின்றன. எல்லா இடத்துக்கும் பொதுவானவை: யுடிசியா ஜிபிஎஸ்ஸா, 5.30 மணி வித்தியாசம், அலாரம் அளவுகள். அந்த இடத்துக்கு மட்டும் உரியவை: ஆண்டெனா இருக்கும் இடம், கேபிள் தாமதம், மறைத்து வைத்த அலாரம், நெட்வொர்க் முகவரி. செங்கோட்டை ஃபைலை அப்படியே தென்காசியில் ஏற்றினால் தப்பான இடம் உடனே மாட்டிக்கொள்ளும். 'இடம் சந்தேகம்' என்று பெட்டி சொல்லிவிடும். கேபிள் தாமதமும் அலார மறைப்பும் மாட்டிக்கொள்ளாது. அதனால் இரண்டையும் தனித்தனி ஃபைலாக வைப்பதுதான் சரி.

அலாரமே செத்துப்போனால்?

2003 ஆகஸ்ட் 14. அமெரிக்காவின் ஓஹையோவில் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமில் மதியம் 2.14-க்குப் பிறகு அலாரம் மென்பொருள் நின்றுபோனது. இரண்டு புரோகிராம் பகுதிகள் ஒரே தகவலை ஒரே நேரத்தில் தொட முயன்ற வகைப் பிழை அது. நின்றுபோனது என்று யாருக்கும் தெரியவில்லை. அலாரம் வரவில்லை, ஆகவே எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். லைன்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. நாலு மணி தாண்டியதும் அமெரிக்கா, கனடா இரண்டிலுமாகச் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. பிறகு விசாரித்தபோது இன்னொரு தலைவலி. பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் எது முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்தவே பெரும்பாடு. எல்லாப் பதிவுக் கருவிகளையும் பொது நேரத்தோடு இணைக்க வேண்டும் என்பது விசாரணைக் குழுவின் பரிந்துரைகளில் ஒன்றானது.

அமைதிக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பதுதான் பாடம். அதனால்தான் நல்ல கடிகாரங்களில் அலாரம் ரிலே தலைகீழாக வேலை செய்யும். எல்லாம் சரியாக இருக்கும்வரை ரிலேக்குக் கரண்ட் கொடுத்துப் பிடித்து வைத்திருக்கும். பெட்டியே செத்தால் ரிலே விடுபட்டு அலாரம் அடிக்கும். இதைத் தலைகீழாக வயர் பண்ணினால், செத்த பெட்டி என்றைக்குமே ஆரோக்கியமாகத் தெரியும்.

செய்ய வேண்டியவை

ஒரு கடிகாரமோ ஐம்பதோ, நான் பரிந்துரைப்பது இவ்வளவுதான்.

1. உங்கள் வேலைக்கு எத்தனை மைக்ரோ செகண்ட் தாங்கும் என்று முதலில் எழுதுங்கள். அதையும் ஆஸிலேட்டரின் விலகலையும் வைத்து ஹோல்டோவர் அலாரம் எத்தனை நிமிடத்தில் என்று கணக்கிடுங்கள்.

2. அலாரங்களை மூன்றாகப் பிரியுங்கள்: இப்போதே ஆள் போக வேண்டியவை, இந்த வாரம் பார்க்க வேண்டியவை, வெறும் செய்தி. முதல் வகைக்கு மட்டும் மணி.

3. மறைத்த ஒவ்வொரு அலாரத்துக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதி வையுங்கள். காரணம் இல்லாத மறைப்பைத் திறந்துவிடுங்கள்.

4. மாற்றியதும் சேவ். சேவ் ஆனதும் கான்ஃபிக்கைப் பெட்டிக்கு வெளியே எடுத்துத் தேதியோடு வையுங்கள். மென்பொருள்காரர்கள் கிட்டில் போட்டால் போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரே கட்டளையில் தெரியும். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு இந்த ஒப்பீடு ஒன்றுதான் சத்தமில்லாத தப்பைப் பிடிக்கும்.

5. வருஷத்துக்கு ஒரு தடவையாவது வேண்டுமென்றே சோதியுங்கள். ஆண்டெனாவைக் கழற்றுங்கள், சொன்ன நிமிடத்தில் மணி அடிக்கிறதா? பவரை ஆஃப் பண்ணுங்கள். எழுந்த பிறகு செட்டிங் அப்படியே இருக்கா? வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனையை மின்வாரியமே மாதாந்திர பராமரிப்பு மின்தடை என்ற பெயரில் இலவசமாகச் செய்து கொடுக்கிறது. சாயங்காலம் கரண்ட் வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது மட்டும்தான் நம்ம வேலை.

6. முடிந்தால் இன்னொரு கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். வேறு வழியில் நேரம் எடுப்பதாக இருக்கணும். 2016-ல் நடந்தது போன்ற பிசகில் ஒரே மாதிரி இரண்டு ஜிபிஎஸ் கடிகாரங்கள் இருந்தால், இரண்டும் ஒற்றுமையாகத் தப்பிவிட வாய்ப்பு உண்டு.

தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில்: பாதி சொல்லும். தனக்குத் தெரிந்த கோளாறை நன்றாகவே சொல்லும். தன்னிடம் முன்பு என்ன சொல்லி வைத்திருந்தோம் என்பதை மறந்துபோனால், மறந்ததே அதற்குத் தெரியாது. அந்த மீதிப் பாதியை நாம்தான் வெளியே எழுதி வைத்திருக்கணும்.